ஆயிரத்து ஒன்பதுக்கு அப்பால்

ஒரு கோடியே அறுபத்திரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பத்தேழு. இதுதான் என் சக்களத்தியின் பெயர்.

என் வீட்டுக்காரர் கலியாணசுந்தரம் சர்வே ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. காசநோய் முற்றி, ஆஸ்பத்திரியில் கையை விரித்ததும் காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். சும்மா படுத்திருக்கிற மனிதரா அவர்? கூட வேலை செய்த சிஹாபுதீன் பார்க்க வந்தபோது, "பெருசா ஒரு நம்பர் குடு தம்பி, பகா எண்ணான்னு பாக்கிறேன்" என்றார். அவன் கொடுத்துவிட்டுப் போனவள்தான் இவள்.

பகா எண் என்றால் ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாதது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போக வேண்டும். மூவாயிரத்துச் சொச்சம் வரை எதற்கும் மசியாவிட்டால் அது பகா எண்தான். மடியில் சிலேட்டை வைத்து வகுப்பார். முடிவில் "மீதி இருக்கு" என்று நீட்டுவார். நான் ஈரத்துணியால் துடைத்துக் கொடுப்பேன். கஞ்சி ஆறிப்போகும், திட்டுவேன்.

"இவளை முடிக்காம போகமாட்டேன் பூங்கா. எமன் வந்தா வாசல்ல உக்காரச் சொல்லு" என்று சிரிப்பார். சிரிப்பு இருமலில் முடியும்.

அன்றிலிருந்து சக்களத்திக்காகச் சாமி கும்பிட ஆரம்பித்தேன். எதற்கும் வகுபடாமல் இருடி மகராசி என்று வேண்டிக்கொண்டேன்.

மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம் சிஹாபுதீன் மறுபடி வந்தான். வாசலில் நின்று ரகசியமாகச் சொன்னான்.

"அண்ணி, அது பகா எண் இல்ல. நானே ரெண்டு நம்பரைப் பெருக்கித்தான் குடுத்தேன். ஆயிரத்து ஒம்பதால வகுத்தா மீதியே வராது. கண்டுபிடிச்சா அண்ணன் சந்தோசப்படுவாரு லா."

நல்ல மனசுதான். ஆனாலும் அவனை அறையலாம் போலிருந்தது. அவர் அப்போதே தொள்ளாயிரத்தைத் தாண்டியிருந்தார். இன்னொரு எண்ணைப் புதிதாகத் தொடங்க அவருக்குத் தெம்பு ஏது?

மெர்டேக்கா அன்று தெருவே பண்டார் ஹிலிர் திடலுக்குப் போய்விட்டது. அன்றுதான் ஆயிரத்து ஒன்பதுக்கு வந்தார். தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் பின்னால் நின்றேன். வகுத்தல் வரை நானும் படித்தவள்தான். ஒன்பது, ஒன்பது, ஏழு, மூன்று என்று ஈவு விழுந்தது. கழித்தார். சைபர்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எப்போதும் என்னிடம் நீட்டுகிறவர், உள்ளங்கையால் தானே துடைத்தார்.

"மீதி இருக்கு பூங்கா. அடுத்தது ஆயிரத்துப் பதிமூணு."

"சரிங்க" என்றேன். அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் வரை வகுத்தார். குரல் போய்க் காற்றாக வந்தபோதும் "மீதி இருக்கு" என்றார். நானும் ஒவ்வொரு தடவையும் நம்பினதுபோல் சிலேட்டை வாங்கித் துடைத்தேன்.

அவருடைய காரியம் முடிந்ததும் சிஹாபுதீன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஆயிரத்து ஒம்பதுக்கு வந்தாரா அண்ணி?"

"வந்தாரு. மீதி இருக்குன்னாரு."

"அண்ணன் கணக்குல தப்பு விடமாட்டாரே!"

"தப்பு விடல தம்பி. எனக்காகப் பொய் சொன்னாரு."

அவன் போனபின் சிலேட்டை எடுத்தேன். கடைசிக் கணக்கு பாதியில் நின்றிருந்தது. உட்கார்ந்து நானே போட்டு முடித்தேன். மீதி இருந்தது. ஆளில்லாத வீட்டில் அதைச் சத்தமாகச் சொன்னேன்.