கசிவு பார்த்த காலை

"குத்துங்க மாமா, பயப்படாம குத்துங்க. ஒண்ணும் ஆகாது."

மாமா தயங்கினார். மூத்தவன் தானே கையை மடக்கி ஜன்னல் கண்ணாடியில் ஓங்கி ஒரு குத்து விட்டான். கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. அப்பாவின் தலை மட்டும் திரும்பவில்லை. அவரைக் கூடத்தின் நடுவில் கிடத்திக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

"அறிவிருக்கா உனக்கு?" என்றாள் தங்கை, பல்லைக் கடித்துக்கொண்டு.

மாமா நைசாக நகர்ந்துவிட்டார். பாவம், துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் பேச ஒன்றும் கிடைக்காமல், "இதுதானா அந்தப் புயல் கண்ணாடி?" என்று கேட்டுவைத்தார். அது போதுமே இவனுக்கு.

கடலைப் பார்த்த வீடு. போன புயலில் அப்பாவின் அறை ஜன்னல் உடைந்து கட்டில் முழுக்கக் கண்ணாடித் தூள். அன்று பிடித்தது மூத்தவனுக்கு இந்தப் பைத்தியம். கடை கடையாக ஏறி இறங்கினான். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியதுதான் வேண்டும், விரிசல் விட்டாலும் சிதறாது. சட்டம் உப்புக்காற்றில் அரிக்கக் கூடாது. திருகாணிகூடத் துருப்பிடிக்கக் கூடாது. சாப்பாட்டு மேஜையில் மாதிரித் துண்டுகளைப் பரப்பிச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பான்.

"ஏன்டா, நீ ஜன்னல் வாங்கறியா, பொண்ணு பாக்கறியா?" என்று அப்பா கேலி செய்வார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் "எனக்காகத்தான் அலையறான்" என்று பெருமையடித்துக்கொண்டதும் அவர்தான்.

நேற்று மாட்டி முடித்தார்கள். தண்ணீர் அடித்துக் கசிவு பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார் மாட்டியவர். காலையில் அம்மா குளிக்கப் போனதும் இவன் வெளியே போய்க் குழாயைப் பிடித்தான். வழிகிற தண்ணீருக்கு அந்தப் பக்கம், அப்பா கட்டிலில் பாதி எழுந்து கையைத் தூக்கினார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. சத்தத்தை விடாது என்பதும் அந்தக் கண்ணாடியின் பெருமைகளில் ஒன்று. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை என்கிறார் என்று நினைத்து, இவனும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தான். பிறகு அடுத்த ஜன்னலுக்குப் போனான். அதற்கு அடுத்ததுக்கும்.

உள்ளே வந்தபோது அம்மா ஈரத்தலையோடு அப்பாவை உலுக்கிக்கொண்டிருந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர். உடனே பார்த்திருந்தால் என்று ஏதோ ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சிரிப்பை நினைத்தாலே மூத்தவனுக்கு உடம்பு கூசியது. யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் யாரும் காலையைப் பற்றிக் கேட்கமாட்டார்கள் என்று நம்பினான்.

அம்மா கேட்டாள். "நீதானே கடைசியாப் பாத்தே? ஏதாவது சொன்னாராடா?"

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். பாதிதான் வந்தது. "கையைத் தூக்கினாரும்மா. ஜன்னல் வழியா."

"உன்னைப் பாத்தா?"

தலையாட்டினான்.

அம்மாவின் முகம் இளகியது. "பாத்தியா, சொல்லிக்கிட்டுத்தான் போயிருக்காரு."

அதன் பிறகு வாசலில் யார் தலை தெரிந்தாலும் அதே பேச்சுதான். "பிள்ளைக்குக் கை காட்டிட்டுப் போனாரு. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?" வந்தவர்கள் இவன் தோளைத் தட்டினார்கள், கொடுத்துவைத்தவன் என்றார்கள். இவன் குறுகிப்போனான். தங்கைகூடக் கோபம் போய்ப் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

எதிர்வீட்டு டீச்சர் வந்தார். அவரிடமும் ஆரம்பித்த அம்மா, பாதியில் நிறுத்தித் தன் வலது கையைத் தூக்கிக்கொண்டு மூத்தவன் பக்கம் திரும்பினாள்.

"இப்படித்தானேடா? இல்ல, இன்னும் மேலயா?"

டீச்சரும் பார்த்தார். மூத்தவன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இன்னும் கொஞ்சம் உயர்த்தினான். பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவைத்தான்.