வெளியே நின்ற விமானி

அந்தக் குடியிருப்பில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும், யார் வீட்டு மிக்ஸி மக்கர் செய்தாலும், முதலில் தட்டப்படுகிற கதவு ஒன்றுதான். உள்ளே இருப்பவர் பஸ் டிப்போவில் ரிப்பேர் பிரிவு மேற்பார்வையாளர். ஸ்க்ரூடிரைவரோடு வருவார், வேலையை முடிப்பார், இரண்டு கையையும் தட்டிக்கொண்டு "ரெடி" என்பார். அதனால் அவருக்கு ரெடி சார் என்றே பெயர் விழுந்துவிட்டது. இப்படிப்பட்ட மனிதரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அவருடைய மனைவிக்கும் அது தெரியும். அதுதான் அவளுடைய கஷ்டமே.

அடிக்கிற புருஷன் என்றால் அடிக்கிறான் என்று சொல்லி அழலாம். குடிக்கிறவன் என்றால் குடிக்கிறான் என்று சொல்லலாம். உதவி செய்கிறான் என்று யாரிடம் போய் அழுவது?

"நீ குடுத்து வெச்சவடி" என்பாள் கீழ் வீட்டு அக்கா. "என் வீட்லயும் ஒண்ணு இருக்கே. தண்ணி பாட்டில் கைக்கிட்டயே இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடும்."

அவள் சிரித்து வைப்பாள். வேறு என்ன செய்ய? கல்யாணமான புதிதில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவர் பக்கத்திலேயே ஓடி வந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் "நகரு, நானே கொண்டுபோய் விடறேன்" என்றார். அன்று பின்சீட்டுக்கு நகர்ந்தவள் இன்றுவரை பின்சீட்டில்தான் இருக்கிறாள். வெங்காயம் நறுக்கினால் "நகரு, கண்ணு எரியும்." பரணில் இருந்து பெட்டி எடுத்தால் "நகரு, விழுந்து வெப்பே." மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்கப் போன இடத்தில்கூட, விண்ணப்பத்தில் அம்மாவின் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தில் இவர் பேனாவை வைத்துவிட்டார். அலுவலகத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆட்டோவில் திரும்பும்போது மட்டும் தன் கையெழுத்தை விரலால் மடியில் போட்டுப் பார்த்தாள்.

இத்தனைக்கும் அவள் கையாலாகாதவள் இல்லை. பல் கட்டித் தரும் லேபில் அவள்தான் மூத்த கை. டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சை வைத்து மெழுகில் பல் செதுக்குவாள், ஈறின் நிறம் கலப்பாள், பக்கத்துப் பல்லோடு நிறம் பொருந்துகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவள் முடித்துக் கொடுத்த பல் திரும்பி வந்ததில்லை. லேப் முதலாளி அம்மாவுக்கு அவளைவிட வயது குறைவு, ஆனால் ஆளை எடை போடத் தெரிந்தவர். ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அடுத்த ஊர்ல ஒரு லேப் ஆரம்பிக்கிறேன். நீங்கதான் பாத்துக்கணும். மேல ஒரு ரூம் இருக்கு, தங்கிக்கலாம். வீட்ல பேசிட்டு மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க."

வீட்டில் பேசுவது. அங்கேதான் சிக்கல். அவரிடம் சொன்ன அடுத்த நிமிடம் அது அவருடைய விஷயமாகிவிடும். ரூமைப் பார்க்க அவர் போவார், முதலாளி அம்மாவிடம் அவர் பேசுவார், வேண்டுமா வேண்டாமா என்பதையும் அவரே யோசித்து முடித்துவிட்டு "ரெடி" என்பார். நான் ஆசைப்படுகிறேனா என்றாவது எனக்கே தெரியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று அவள் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

அந்த வாரத்தில்தான் பொம்மைக் கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிளாஸ்டிக் விண்கலம். துண்டு துண்டாக இருக்கும், வெட்டி எடுத்து ஒட்டிச் செய்ய வேண்டும். சின்ன வயதில் அவளும் அவள் அண்ணனும் பள்ளி விடுமுறையில் இதைத்தான் செய்வார்கள். செய்வார்கள் என்று சொல்வது பேச்சுக்கு. அண்ணன் செய்வான், இவள் துண்டுகளை வெட்டி, பிசிறு தேய்த்து, கேட்டபோது எடுத்துக் கொடுப்பாள். பசை டியூபை ஒரு தடவைகூட அவன் இவள் கையில் கொடுத்ததில்லை. கடை வாசலில் நின்றபோது அது அவளுக்கு முதல்முறையாக உறைத்தது. இந்தச் சனியன் பிடித்த பசையை என் கையால் நான் ஒட்டியதே இல்லையே என்று நினைத்தாள், உள்ளே போய் வாங்கிவிட்டாள். இதை முதலில் இருந்து கடைசி வரை தனியாக முடிப்பேன், முடித்த அன்று அவரிடம் லேப் விஷயத்தைச் சொல்வேன் என்று தனக்குத்தானே ஒரு பேச்சும் பேசிக்கொண்டாள்.

ரெடி சார் பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார்.

"எனக்குச் சொல்லியிருந்தா நல்லதாப் பாத்து வாங்கியிருப்பேனே."

"இது நான் பண்றது. நீங்க தொடாதீங்க."

"நான் ஏன் தொடப்போறேன்?" என்றவர், அன்று சாயங்காலமே பழைய பலகையை அறுத்து அவளுக்கு ஒரு மேஜை செய்து பால்கனியில் போட்டார். விளக்கு மாட்டினார். அது கண்ணில் அடிக்கிறது என்று திருப்பி வைத்தார். நாற்காலி தாழ்வாக இருக்கிறது என்று உயர்த்தினார். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தொடாமல், பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உப்புத்தாளை எடுத்தால் அவர் மூச்சை இழுத்துப் பிடிப்பது காதில் விழும். ஒருவன் தொடாமலேயே மேலே ஏறி உட்கார முடியும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனாலும் வேலை நகர்ந்தது. அவர் டிப்போவுக்குப் போன பிறகு காலையில் கொஞ்சம், அவர் யார் வீட்டுக்காவது குழாய் பார்க்கப் போகும்போது கொஞ்சம். விண்கலத்தின் உடல் இரண்டு பாதி. நடுவே ஓட்டுகிற அறை. அறையில் ஒரு இருக்கை, இருக்கையில் உட்கார ஒரு விமானி, சுண்டுவிரல் நகம் அளவு. அவனுக்குத்தான் அவள் உயிரைக் கொடுத்தாள். முகத்துக்கு நிறம் கலக்க ஈறுக்கு நிறம் கலக்கிற அதே கண்ணை வைத்தாள். ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு. அவன் நன்றாகக் காய்ந்த பிறகு இருக்கையில் ஒட்டி, அதற்கப்புறம்தான் இரண்டு பாதியையும் மூட வேண்டும். மூடிவிட்டால் அவ்வளவுதான். அந்தப் பசை வெறுமனே ஒட்டுவதில்லை, இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். முன்ஜன்னல் ஓட்டை வழியாக விரல் நுழையாது, ஆளும் நுழையாது.

அதனால் விமானியைக் காயட்டும் என்று ஒரு பாட்டில் மூடியில் நிறுத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவசரத்தில் போனையும் சார்ஜரிலேயே விட்டுவிட்டாள். அன்று அவருக்கு வார விடுமுறை; முதலாளி அம்மாவும் புது லேப் வேலையாக அடுத்த ஊருக்குப் போயிருந்தார்.

சாயங்காலம் திரும்பியபோது அவர் பால்கனி வாசலிலேயே நின்றார். கையைத் தட்டிக்கொண்டார்.

"ரெடி."

மேஜை மேல் விண்கலம் முன்ஜன்னல் தவிர முழுசாக நின்றது. இரண்டு பாதியும் மூடியிருந்தன. மூட்டு தெரியாமல் தேய்த்திருந்தார், பாவி, அதையும் அத்தனை சுத்தமாகச் செய்திருந்தார். பக்கத்தில் மூடியில் விமானி நின்றுகொண்டிருந்தான்.

"ரெண்டு நாளா ரெண்டு பாதியும் அப்படியே கிடந்துச்சு. மூடப் பயப்படறேன்னு தெரிஞ்சுது. அதான் நானே."

"இவன் உள்ள உட்காரணும்" என்றாள் அவள்.

அவர் விமானியைப் பார்த்தார். ஒரு கணம் முகம் சுருங்கியது, உடனே சரியாகிவிட்டது. "அட விடும்மா. அந்தச் சின்ன ஜன்னல்ல உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு வெளியில யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மறந்துபோன சின்ன விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். "ஆமா, உன் முதலாளி அம்மா போன் பண்ணாங்க. புது லேபாம், உன்னைப் போகச் சொல்றாங்களாம். அவளால தனியா முடியாதும்மா, எனக்கு அவளைத் தெரியும்னு சொல்லிட்டேன். நீ எப்படி மறுக்கறதுன்னு சங்கடப்பட்டிருப்பே."

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. என்னவென்று கத்துவது? அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டையும் அவரே பரிமாறினார்.

மறுநாள் விண்கலத்தைத் துணியில் சுற்றி லேபுக்கு எடுத்துப் போனாள். மதிய இடைவேளையில் பல் அறுக்கிற கை மெஷினில் காகிதம்போல மெல்லிய வட்டத் தகட்டை மாட்டினாள். அவர் மறைத்த மூட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. அறுத்தாள். வெள்ளைத் தூள் பறந்தது. மேல் பக்கம் ஒரு இடத்தில் பிளாஸ்டிக் உருகிக் கோணிக்கொண்டது, போகட்டும் என்று மேற்கொண்டு அறுத்தாள். உடல் இரண்டாகத் திறந்தது. விமானியை இருக்கையில் ஒட்டினாள். மறுபடி மூடி, தன் கையால் பசை வைத்து, அது பிடிக்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டே முதலாளி அம்மாவின் அறை வாசலுக்குப் போனாள்.

"வேற யாரையாவது சொல்லிட்டீங்களா, மேடம்?"

"இன்னும் இல்ல. ஆனா உங்க வீட்டுக்காரர் வேண்டாம்னு சொல்லிட்டாரே."

"அவர் சொன்னாரு. நான் இன்னும் சொல்லவே இல்ல."

முதலாளி அம்மா அவளையும், அவள் கையில் இருந்த விண்கலத்தையும் பார்த்தார். "சரி, இப்போ சொல்லுங்க" என்றார்.

அவள் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டில், அவள் திரும்பக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்ததை ரெடி சார் முதலில் பார்த்தார். மூக்கிலிருந்து வால்வரை ஒரு தழும்பு ஓடியது.

"அறுத்துட்டியா?"

"ஆமாங்க. மேடம்கிட்டயும் வரேன்னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் போறேன். தனியாத்தான். ஞாயித்துக்கிழமை வருவேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார். அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள். பிறகு மெதுவாக, "அப்போ நான் என்ன பண்றது?" என்றார்.

அவருடைய இரண்டு கையும் மடியில் கிடந்தன. குடியிருப்பு முழுக்க ரிப்பேர் பார்த்த கைகள், என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தன. இன்னொரு நிமிடம் அந்தக் கைகளைப் பார்த்தால் சரி, போகலை என்று சொல்லிவிடுவாள். இந்த வீட்டுக்கு வேறு பூட்டே கிடையாது, இந்த இரக்கம்தான்.

அவள் கைகளைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்ஜன்னல் மட்டும் பாக்கி இருந்தது. கண்ணாடிபோல ஒரு சின்னத் துண்டு, பசை கொஞ்சம் கூடினாலும் மங்கிவிடும். பசை டியூபை எடுத்தாள். பக்கத்தில் அவர் கை எழுந்தது, நீண்டது, பாதி வழியில் நின்றது, திரும்பி மடிக்குப் போனது.

ஜன்னலை வைத்து அழுத்தினாள். பசை பிதுங்கி ஒரு மூலை வெள்ளையாக மங்கியது. அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மங்காத பாதி வழியாக உள்ளே விமானி தெரிந்தான்.

"ரெடி" என்றாள் அவள்.