முன் போர்க்கில் ஒரு சிவப்பு நூல்

சைக்கிளைப் பின்பக்க ஜன்னல் கம்பியில் தூக்கிக் கட்டி முன்சக்கரத்தைக் கழற்றியபோதே என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன். எப்படிப் பளபளன்னு இருக்கு பாரு. இதைப் போய்ப் பிரிக்கிறியே!"

பளபளவென்றுதான் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. சைக்கிள் எங்கள் மகளுடையது, படிக்கிற காலத்தில் மலைப்பாதையில் ஓட்ட வாங்கியது. இப்போது அதில்தான் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் குறித்து வருகிறாள். மேட்டுத் தெருக்கள் எல்லாம் சரளைக்கல். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயான போர்க்கில் இருக்கிற ஷாக் அமுங்காமல் கட்டைபோல நின்றுவிட்டதால் ஒவ்வொரு கல்லும் நேராக அவள் மணிக்கட்டில் வந்து இறங்கியது. மூன்று வாரம் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினாள். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மேட்டுத் தெரு வேறு ஆளுக்கு, அவளுக்கு ஆபீஸ் நாற்காலி என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அவள் ஒரு இடத்தில் உட்கார்ந்து யார் பார்த்தது? சாப்பிடுவதே நின்றுகொண்டுதான். சைக்கிள் கடைக்காரரோ, புது போர்க் மாட்டுங்கள், ஆனால் இந்த அளவில் இப்போது வருவதில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் இருபத்தெட்டு வருஷம் பம்ப் கம்பெனியில் சீல் என்கிற ரப்பர் வளையம் மாற்றியவள். உள்ளே இருப்பது வெளியே வரக்கூடாது, வெளியே இருப்பது உள்ளே போகக்கூடாது, அவ்வளவுதான் சீல். பம்பானால் என்ன, போர்க்கானால் என்ன!

அடி போல்ட்டுகளைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு. பிறகு போல்ட்டை முழுசாக எடுத்து இழுத்ததும் கீழ்க்குழாய் இரண்டும் கையோடு வந்தன. உள்ளேயிருந்து கறுப்பாக, கூழாக, மணல் கரகரக்க ஒரு டம்ளர் கொட்டியது.

"இது எங்கிருந்து வந்துச்சு?" என்றார்.

"நீங்க எண்ணெய் போட்டீங்க. அதுமேல தெரு மண்ணைப் போட்டுச்சு. அமுங்குறப்பல்லாம் அது சீலை அறுத்துக்கிட்டு உள்ள போயிருக்கு."

மகள் சிரித்தாள். "எனக்குக்கூட அப்பா இப்படி வாராவாரம் தலை துவட்டிவிட்டதில்லம்மா!"

அவர் சிரிக்கவில்லை. எண்ணெய் துடைக்கிற துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கீழ்க்குழாய்களின் வாயில் இருந்த பழைய சீல்களை நெம்பி எடுத்து, அதே அளவில் பம்ப் ஸ்பேர் கடையில் புதிது வாங்கி வந்தேன். மாட்டுவதற்கு முன் மேல்குழாயில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நகம் வழுக்கினால் பிழைக்கும், மாட்டினால் சிரமம். இடது குழாய் கண்ணாடிபோல வழுக்கியது. வலது குழாயில், மேலே, நகம் மாட்டியது. கடுகளவு துருக்குழி.

"போச்சா?" என்றாள் மகள்.

"போகல. குழி ரொம்ப மேல இருக்கு. அமுங்கி அவ்வளவு தூரம் சீல் ஏறினாத்தான் கிழியும்."

"அவ்வளவு தூரம் அமுங்குமா?"

அது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். இருந்தாலும் கை நிற்கவில்லை. சீலை நேராக உட்காரவைத்து, கிரீஸ் தடவி, அளவாக எண்ணெய் ஊற்றிப் பூட்டினேன். கைப்பிடியை அழுத்தினால் பஞ்சுபோல இறங்கி எழுந்தது.

அவர் உள்ளே போய்த் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து வந்தார். வலது மேல்குழாயில், சீலை ஒட்டி அதற்கு மேலே, ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினார்.

"எவ்வளவு தூரம் அமுங்குதோ, சீல் இதை அவ்வளவு தூரம் மேல தள்ளி வச்சுடும். போய்ட்டு வாம்மா."

அட, இது எனக்குத் தோன்றவில்லையே!

மகள் மேட்டுத் தெரு முழுக்கச் சுற்றிவிட்டு, கட்டு இல்லாத கையை ஆட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். மூன்று பேரும் குனிந்தோம். நூல் குழிக்கு ஒரு விரற்கடை கீழே நின்றிருந்தது; சீல் குழியைத் தொடவே இல்லை.

அவர் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது. எண்ணெய்த் துணியைப் பாதி இழுத்தவர், என்னைப் பார்த்துவிட்டு அதைத் திரும்ப உள்ளே தள்ளினார். பிறகு என் முந்தானையின் நுனியைப் பிடித்து, நூலைத் தொடாமல், அந்தக் குழாயின் புழுதியை மெதுவாகத் துடைத்தார்.