இரண்டாவது அட்டை

அந்துப்பூச்சியை நசுக்கினால் ரத்தம் வராது. விரலில் சாம்பல் நிறத்தில் ஒரு மினுமினுப்பு ஒட்டும், அவ்வளவுதான். சோப்புப் போட்டுக் கழுவினாலும் ரேகைகளுக்குள் கொஞ்சம் தங்கிவிடும். அந்த மாதம் முழுக்க என் புத்தகங்களின் ஓரங்களிலும் அந்த மினுமினுப்பு இருந்தது. படித்துக்கொண்டிருப்பேன், ஒன்று வந்து பக்கத்தின் மேல் உட்காரும். நசுக்குவேன். பிறகு அந்த வரியைத் திரும்பப் படிக்கப் பிடிக்காது.

அவை எங்கிருந்து வருகின்றன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை.

எங்கள் வீட்டில் படுக்கையறை போக இன்னொரு சின்ன அறை உண்டு. குடிவந்தபோது அதில் என் மேசையும் இரண்டு அலமாரிப் புத்தகங்களும் இருந்தன. நான் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நாளெல்லாம் பிள்ளைகளைச் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருகிறவளுக்கு, வந்ததும் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. பிறகு என் கணவர் மொத்தக் கடையில் உறுப்பினர் ஆனார்.

ஊருக்கு வெளியே, ஜன்னலே இல்லாத பெரிய கொட்டகை அது. அங்கே எதையும் ஒன்றாக வாங்க முடியாது. பல் துலக்கும் பசை பன்னிரண்டாகத்தான் வரும். எண்ணெய் டின்னைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். முதலில் ஜன்னலடியில் டிஷ்யூ ரோல்கள் ஏறின. ஜன்னல் மறைந்தது. மேசைக்கடியில் சோப்புத்தூள், மேசைமேல் அவரை விதை மூட்டை, கதவுக்குப் பின்னால் மாவு. என் நாற்காலியை எடுத்துச் சமையலறையில் போட்டுக்கொண்டேன். மூன்று வருடமாக அங்கேதான் படிக்கிறேன்.

"இருக்கறது நாம ரெண்டு பேருங்க" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"ரெண்டு பேருன்னா பசிக்காதா? கிலோவுக்கு எவ்வளவு மிச்சம்னு பாரு. பாத்துட்டுப் பேசு."

பார்க்கவில்லை, பேசவும் இல்லை.

சலுகை விலையில் ஓர் உறுப்பினர் அட்டைக்கு இரண்டு மூட்டைதான் தருவார்கள். அதே முகவரியில் இருக்கும் குடும்பத்தாருக்கு இரண்டாவது அட்டை இலவசம். அந்தக் கடைக்காக நின்று படம் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று நான் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தேன். அவர் தம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். என் நாத்தனார் தனியாள். இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் ஒற்றை அறையில் இருந்து, துணி வெட்டிக் குறைத்துத் தைத்துக் கொடுக்கிறார். படிவத்தில் எங்கள் முகவரியை எழுதினார்கள். அட்டையில் அவர் கண் பாதி மூடியிருக்கும். "பொய் சொல்றப்ப கண்ணைத் திறந்து வெச்சுக்க முடியல" என்று சிரித்தார் அண்ணி.

அதிலிருந்து ஞாயிறுதோறும் மூவரும் போனோம்.

போனால் மதியச் சாப்பாடு அங்கேயே. உணவகத்தில் இல்லை. வரிசைக்கு வரிசை சின்ன மேசை போட்டு, காகிதக் கிண்ணத்தில் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். ஒரு துண்டு சீஸ், ஒரு துண்டு சாஸேஜ், பல்குச்சி குத்தியது. என் கணவர் முதல் சுற்றில் மேல்கோட்டோடு போவார். இரண்டாம் சுற்றில் கோட்டைக் கழற்றித் தள்ளுவண்டியில் போட்டுவிட்டுப் போவார். மூன்றாம் சுற்றில் கண்ணாடியையும் கழற்றிவிடுவார். பல்குச்சிகளை மட்டும் சட்டைப்பையில் சேர்த்துக்கொண்டு வருவார். வீட்டில் அவற்றைக் கழுவிக் காயவைப்பார். இருபது வருடமாக என் பக்கத்தில் படுக்கிற மனிதர்.

அப்படி ஒரு ஞாயிறு, டிஷ்யூ ரோல் வரிசையில், அண்ணி மெதுவாக ஆரம்பித்தார்.

"தம்பி, வீட்டுக்காரர் மகன் வர்றானாம். மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு."

"அடடா. வேற பாத்தியா?"

"பாக்காம இருப்பனா? கேக்கற வாடகைக்கு நான் என்னையே வெட்டித் தெச்சுக் குடுத்தாலும் பத்தாது." தள்ளுவண்டியை நிறுத்தினார். "உங்க சின்ன ரூம்ல ஒரு மூலை போதும். மெஷின் போடற அளவு. அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்கு இருப்பேன்."

என் கணவர் ரோல் கட்டு ஒன்றை அணைத்தபடி நின்றார். "உனக்கில்லாத இடமாக்கா? ஆனா உள்ளே போய்ப் பாரு, கால் வைக்க எடமில்ல. இவளே அடுப்படியிலதான் உக்காந்து படிக்கிறா. கேட்டுப் பாரு."

அண்ணி என்னைப் பார்த்தார்.

நான் விலைப்பலகையைப் பார்த்தேன். எனக்கு மௌனம் பிடிக்கும். அதில் நான் நல்லவளாக இருப்பதாக எப்போதும் ஒரு நினைப்பு. அன்றைக்கு அந்த மௌனத்துக்குள் என்ன இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தையல் மெஷின் சத்தம் வேண்டாம், இன்னொருவர் இருமல் வேண்டாம். அந்த அறை மூட்டைகளால் நிறைந்திருப்பது எனக்கும் சௌகரியம். என் கணவர் மாவை அடுக்கினார். நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"சரி விடு" என்றார் அண்ணி. வண்டியைத் தள்ளினார். அவர் அட்டையில் இரண்டு மூட்டை மாவு வாங்கினோம்.

அடுத்த சனிக்கிழமை காலையில் வெண்ணெய் தடவுவதற்காக ரொட்டியை எடுத்தேன். எங்கள் மாவில் நானே சுட்டது. வெட்டிய முகத்தில் பழுப்பாக ஒரு நூல். இழுத்தேன். நூல் இல்லை. வெந்த புழு, தலை மட்டும் கறுப்பாக.

அதுவரை தின்ற ரொட்டிகளை மனம் ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தது. கழுவுதொட்டிக்கு ஓடினேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு போய்ச் சின்ன அறைக் கதவைத் தள்ளினேன். பாதிதான் திறந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த பழைய மூட்டையின் வாய் மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தியது போல் இருந்தது. துணியில்லை, புழுக்கள் பின்னிய எச்சில் வலை. வலைக்குள் மாவு கட்டிகட்டியாகத் தொங்கியது, கட்டிகள் மெதுவாக அசைந்தன. கூரை மூலையில் அரிசி அரிசியாகக் கூட்டுப்புழுக்கள். எண்ணெய் டின் ஒன்று அடியில் கசிந்து சிக்குப் பிடித்து, தரையில் பழுப்புப் பிசினாக உறைந்திருந்தது. அதில் பூச்சிகள் ஒட்டிச் செத்திருந்தன. சில இன்னும் சாகவில்லை. என் அலமாரியில் கைக்கு வந்த புத்தகத்தைப் பிரித்தேன். முதுகுத் தையலுக்குள் ஒரு புழு சுருண்டு படுத்திருந்தது.

என் கணவர் வந்து எட்டிப் பார்த்தார். முகம் சுளிக்கவே இல்லை.

"சலிச்சா போயிடும்" என்றார்.

"என்ன?"

"சல்லடையில போட்டுச் சலிச்சா புழு மேல நின்னுரும். மாவு மாவுதானே? இத்தனை நாளா தின்னோம், என்ன ஆயிடுச்சு?"

நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அவருக்கே இன்னொன்று தோன்றியது. முகம் மலர்ந்தது.

"இரு இரு. கெட்டுப்போனதுன்னா கடையில திருப்பி எடுத்துக்குவான். எத்தனை நாள் ஆனாலும் எடுத்துக்குவான். முழுசா மாத்திக் குடுத்துருவான்!"

நல்ல மாவாகத் தெரிந்ததை மேலாக ஒரு டப்பாவில் வழித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பித் தர மூட்டை கட்டினார். பில்லைத் தேடினார். பழைய நான்கு மூட்டையும் அக்கா அட்டையில் வாங்கியது. அட்டைக்காரர் நேரில் வர வேண்டும். அக்காவுக்கு போன் போட்டார்.

அண்ணி மறுநாள் காலையில் வந்தார். கூப்பிட்டது எதற்கென்று தெரிந்தும், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நேராக அறைக்குள் போனார். நானும் போனேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு இருவரும் வேலை செய்தோம். கூரையிலிருந்து கூடுகளை அவர் சுரண்டினார்; சில அவர் தலையில் விழுந்தன, தட்டிவிட்டார். தரைப் பிசினைக் கரண்டியால் பெயர்த்தோம். டிஷ்யூ கட்டுகளைக் கூடத்துக்குத் தள்ளியபோது மூன்று வருடத்துக்குப் பிறகு ஜன்னல் தெரிந்தது. வெயில் தரையில் விழுந்தது.

அண்ணி அந்த வெயிலில் நின்று, சுவரோரத்தைக் காலால் அளந்தார். இரண்டரை அடி வைத்தார். மெஷின் போடும் அளவு. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் காலை இழுத்துக்கொண்டார்.

"நல்ல வெளிச்சம்" என்றார். "ஊசி கோக்கக் கண்ணாடி வேணாம்."

வெளியே கார் கதவைச் சாத்திக்கொண்டு என் கணவர் கத்தினார். "அக்கா! சீக்கிரம் வா. மதியத்துக்கு மேல கூட்டம் ஏறிடும்."

திருப்பித் தரும் கவுண்டரில் இருந்த பெண் முதல் மூட்டையின் வாயைப் பிரித்தாள். உடனே மூடி, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அட்டையை வாங்கிக் கணினியில் தட்டினாள்.

"இந்த முகவரியில ரெண்டு கார்டு இருக்கு."

"ஆமாங்க, ஒரே குடும்பம்" என்றார் என் கணவர்.

"அவங்க சொல்லட்டும் சார். சும்மா கார்டுக்காகவே முகவரி குடுத்துடறாங்க. அப்படின்னா ரெண்டு கார்டையும் நிறுத்தச் சொல்லியிருக்காங்க. மாத்தியும் தர மாட்டோம்." அண்ணியிடம் திரும்பினாள். "அம்மா, நீங்க இந்த வீட்லதான் இருக்கீங்களா?"

அண்ணி அட்டையைப் பார்த்தார், கண் பாதி மூடிய தம் படத்தை. பிறகு தம்பியைப் பார்த்தார்.

"சொல்லுக்கா" என்று என் கணவர் பல்லைக் கடித்துச் சிரித்தார். "என்ன யோசனை? ஆமான்னு சொல்லு."

"எனக்குத் தெரியலைம்மா" என்றார் அண்ணி. குரலில் கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. "இருக்கனா இல்லையான்னு இதோ, இவங்களைத்தான் கேக்கணும். வீட்டுக்காரம்மா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்களும். மூட்டையின் வாயில் கட்டியிருந்த கயிற்றின் மேல் ஒரு புழு ஏறி வந்து, தலையை உயர்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டியது. நான் அதையே பார்த்தேன். என் மௌனம் அந்தக் கயிற்றில் ஏறி வருவது போல் இருந்தது. வழக்கம்போல் சும்மா நின்றால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அட்டை போகும், அதுகூட நல்லதுதான். அறை திரும்ப என் அறை ஆகும். ஜன்னல், மேசை, சாத்திய கதவு. நினைத்தவுடன் ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் புழுவைவிட அருவருப்பாக இருந்தது.

"இருக்காங்க" என்றேன். "எங்க வீட்லதான் இருக்காங்க. ஜன்னல் வெச்ச சின்ன ரூம்ல. தையல் மெஷின் போட்டிருக்காங்க."

"பாத்தீங்களா?" என்றார் என் கணவர், அந்தப் பெண்ணிடம், வெற்றியோடு.

பணமாகத் தருகிறேன் என்றாள் அவள். என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. சலுகை விலை அன்றோடு முடிகிறதாம். நான்கு புது மூட்டை மாவாகவே வாங்கி, காரின் பின்பெட்டியிலும் பின் இருக்கையிலும் அடுக்கினார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மூடியைச் சாத்திவிட்டு என் தோளில் தட்டினார்.

"பரவால்லியே! ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துட்டு, சமயத்துல மெஷின் வரைக்கும் அவுத்து விட்ட பாரு. நானே நம்பிட்டேன்."

"மெஷின் எங்க இருக்கு அண்ணி?" என்றேன்.

"ரூம்ல. கட்டி வெச்சிருக்கேன். துணியெல்லாம்கூட ரெண்டு பைதான்."

"இப்பவே எடுத்துட்டு வந்துரலாம்."

என் கணவரின் சிரிப்பு இறங்கச் சற்று நேரம் பிடித்தது. "என்ன விளையாடறியா? மாவு எங்க வைக்கிறது?"

"அதான் எனக்கும் தெரியல. இறக்குங்க."

"எங்க இறக்க?"

"இங்கதான்."

"நடுரோட்லயா! ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி..." அக்காவிடம் திரும்பினார். "நீயாவது சொல்லேன்க்கா."

அண்ணி பின்கதவைத் திறந்து, முதல் மூட்டையின் ஒரு காதைப் பிடித்தார். நான் மறுகாதைப் பிடித்தேன். கனமாக இருந்தது, சேர்ந்து இழுக்க வந்தது. நான்கையும் நடைபாதை ஓரத்தில் வைத்தோம். விட்டுவிட்டு வர என் கணவருக்கு மனமில்லை. எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவானாம். "நான் இங்கயே நிக்கறேன். மெஷினை வீட்ல இறக்கிட்டு உடனே திரும்பி வாங்க" என்றார். சாவியை என் கையில் கொடுத்தார்.

நான் வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் அவர் ஒரு மூட்டையின் மேல் உட்காருவது தெரிந்தது. கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். இரண்டாம் சுற்றுக்கு உள்ளே போகலாமா என்று யோசிக்கிறாரோ என்னவோ. கடை வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அண்ணியின் அறையை நோக்கிப் போனோம். அண்ணியின் காதோரத் தலைமுடியில் ஒரு கூட்டுப்புழு ஒட்டியிருந்தது. சிக்னலில் நிறுத்தியபோது கை நீட்டி எடுத்தேன். விரலுக்குள் அது நெளிந்தது. ஜன்னலை இறக்கி வெளியே எறிந்தேன்.

"ராத்திரியில தெக்க மாட்டேன்" என்றார் அண்ணி, சாலையைப் பார்த்தபடி. "சத்தம் உனக்கு ஆகாதுன்னு தெரியும்."

ஆகாதுதான். பச்சை விழுந்தது, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"தையுங்க" என்றேன்.