இடது இரண்டு, இடது நாலு

அந்த ஸ்பீக்கர் கடையில் விற்பனைக்கு நிற்பவர்களுக்கு முதலாளி போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். வாடிக்கையாளரின் காதைக் குறை சொல்லக் கூடாது. ஸ்பீக்கரைச் சொல்லலாம், வயரைச் சொல்லலாம், சுவரை, திரைச்சீலையை, மேல்மாடியில் நாற்காலி இழுக்கிறவனைக்கூடச் சொல்லலாம். காதை மட்டும் தொடக் கூடாது. "அவருக்கு எப்படிக் கேக்குதோ அதுதான் சரி. நீ என்ன டாக்டரா?" என்பார்.

அந்தச் சட்டத்தைப் பதினாறு வருடமாக மீறாதவனைக் கடையில் எல்லோரும் காதுக்காரன் என்றே கூப்பிட்டார்கள். எந்த ஆம்ப்ளிஃபயரோடு எந்த ஸ்பீக்கர் ஒத்துப்போகும், எந்தக் கூடத்தில் எந்த ஜோடி எடுபடும் என்று ஒரு பாட்டு ஓடி முடிவதற்குள் சொல்லிவிடுவான். கல்யாணத் தரகர்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்க மாட்டார் என்று முதலாளி கேலி செய்வார். அவனிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பொருத்திவிட்டு வரும்போது ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டி, தேதியையும் குமிழ்களை எங்கே வைத்தான் என்பதையும் எழுதிவிடுவான். அடுத்த முறை போகும்போது முழிக்க வேண்டாம் பாருங்கள்.

கண்ணாடிக்காரர் அவனுக்குப் பழைய வாடிக்கை. இரண்டு தெரு தள்ளி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண் பரிசோதனையும் அவரே செய்வார். எழுத்துப் பலகை மங்கலாக அச்சடிக்கப்பட்டிருக்கிறது என்று யாராவது சண்டைக்கு வந்தால், "பலகை நல்லாத்தான் இருக்கு, உன் கண்ணுதான் போச்சு" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவர். காதுக்காரனைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. "கண்ணுக்கு நான், காதுக்கு நீ. மூக்குக்கு ஒருத்தனப் புடிச்சா ஆஸ்பத்திரியே ஆரம்பிச்சிடலாம்" என்பார்.

போன வருடத் தொடக்கத்தில் அவர் கடைக்கே வந்து சத்தம் போட்டார். ஆறு மாதம் முன்பு வாங்கிய ஜோடியில் இடது ஸ்பீக்கர் மங்கிவிட்டதாம். காதுக்காரன் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போனான்.

நடுத்தரமான கூடம். ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் புத்தக அலமாரி, நடுவில் அவருடைய நாற்காலி. காதுக்காரனுக்கு இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுபோலத்தான் கேட்டன. இருந்தாலும் முறைப்படி பார்த்தான். இடப்பக்கப் பெட்டியைத் தூக்கி வலப்பக்கம் வைத்தான், வலதை இடதில் வைத்தான். கோளாறு பெட்டியில் என்றால் மங்கல் பெட்டியோடு போக வேண்டும். "இப்பவும் அலமாரிப் பக்கம்தான் மங்கல்" என்றார் கண்ணாடிக்காரர். வயரை மாற்றினான். அலமாரிப் பக்கம்தான். கடைசியாக ஒரு சோதனை உண்டு. அதை அவன் ரொம்ப அபூர்வமாகத்தான் செய்வான்.

"சார், நாற்காலியத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காருங்க."

கண்ணாடிக்காரர் திரும்பி உட்கார்ந்தார். இப்போது அவருடைய இடது கை ஜன்னல் பக்கம் இருந்தது. கண்ணை மூடிக் கேட்டார். "அட, இப்ப ஜன்னல் பக்கம் மங்கலா இருக்கு. பாத்தியா, ரெண்டுமே கோளாறு. ஜோடியையே மாத்து."

மங்கல் ஆளோடு கூடவே திரும்பியது. கோளாறு பெட்டியில் இல்லை, அவருடைய இடது காதில். காதுக்காரன் வாயைத் திறந்தான். வாசலில் அவருடைய மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா சார், இந்த ஜோடி இந்த ரூமுக்கு ஒத்துவரல" என்றான்.

மறுநாள் வேறு ஜோடி கொண்டுவந்தான். பொருத்தும்போது பேலன்ஸ் குமிழை யாருக்கும் தெரியாமல் இடப்பக்கம் இரண்டு கோடு தள்ளி வைத்தான். அதாவது இடது ஸ்பீக்கர் கொஞ்சம் ஓங்கிப் பேசும், வலது கொஞ்சம் தணிந்துவிடும். கண்ணாடிக்காரரின் முகம் மலர்ந்தது. "ஆஹா, இப்பதான் சரியா இருக்கு." காதுக்காரன் புதுச் சீட்டு ஒட்டி, தேதி போட்டு 'இடது 2' என்று எழுதினான்.

அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஸ்பீக்கரை அறைக்குப் பொருத்துகிறவர்கள் ஊரில் ஆயிரம் பேர். ஆளின் காதுக்கே பொருத்துகிறவர்கள் எத்தனை பேர்? வயதானால் எல்லோருக்கும் கொஞ்சம் மந்தமாவதுதான் என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டான்.

ஐந்து மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார். மறுபடி இடது மங்கல். இந்த முறை வயரை மட்டும் மாற்றி, குமிழை நாலாவது கோட்டில் வைத்தான். இடது 4. கிளம்பும்போது அவருடைய மனைவி வாசல்வரை வந்தாள்.

"தம்பி, எனக்கு இந்த அலமாரிப் பக்கம் மண்டையில அடிக்கிற மாதிரி இருக்கு. இவருக்குச் சரிங்கறது எனக்குத் தலைவலியா இருக்கே."

"நீங்க ஓரமா உக்கார்றீங்கம்மா. நடு நாற்காலியில உக்காந்தாத்தான் சரியாத் தெரியும்."

"நடு நாற்காலியில உக்காந்தும் பாத்துட்டேன்."

"போகப் போகப் பழகிடும்மா" என்று சிரித்து வைத்தான். அந்த வீட்டில் பழுதில்லாத காது அவளுடையதுதான். அவளிடம்தான் அப்படிச் சொன்னான்.

இன்னும் ஒரு வருடம் கழித்து மூன்றாவது முறை போனபோது குமிழ் கடைசிக் கோட்டை எட்டிவிட்டது. இடது 5. அதற்குமேல் திருப்ப இடமில்லை. திரும்பி வரும் வழியெல்லாம், நாளைக்கு அவர் கடைக்கே போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தான். மறுநாள் கடையில் கூட்டம். அதற்கடுத்த நாள் எதுவுமில்லை. ஆனாலும் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு பெண்ணுக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் லென்ஸைக் கையில் பிடித்தபடியே தலை சுற்றிக் கீழே விழுந்தார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இடது காதுக்கு உள்ளே, மூளையை ஒட்டி ஒரு கட்டியாம். அறுத்து எடுக்கப் பத்து மணி நேரம் ஆயிற்றாம்.

இரண்டு மாதம் கழித்து மனைவியிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரைத் திருத்தி வைக்க வேண்டும், மத்தியானம் வர முடியுமா என்று கேட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அதே கூடம், அதே நாற்காலி. உட்கார்ந்திருந்தவரை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. முகத்தின் இடப்பாதி தொங்கிப்போயிருந்தது. மூடாத இடது கண்ணுக்குப் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"வா தம்பி. கண்ணுக்கு நானுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன், இப்ப என் கண்ணையே ஒட்டி வெச்சிருக்காங்க." வார்த்தைகள் ஓரத்தில் ஒழுகின. "இந்தக் காது சுத்தமாப் போச்சு. மீதி இருக்கிற காதுக்கு எப்படி வெக்கணுமோ வெச்சுக் குடு. உன்னத்தான் நம்பறேன்."

காதுக்காரன் தலையாட்டினான். பாட்டைப் போட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் குந்தினான். குமிழ் நடுவில் நின்றது.

"நான்தான் திருப்பினேன்" என்றாள் மனைவி. கணவரின் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். குரலைத் தணிக்கவில்லை, தணிக்க வேண்டியதும் இல்லை. பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் அவருக்கு எதுவும் கேட்காது. "அவர ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்த அன்னைக்கு, இந்தக் குமிழு ஓரத்துல நிக்கிறதப் பாத்தேன். நடுவுல வெச்சுக் கேட்டேன். ஒன்றரை வருஷத்துல அன்னைக்குத்தான் எனக்கு மண்டையில அடிக்காம இருந்துது."

அவன் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன வருஷம் காதுல ரீங்காரம் கேக்குதுன்னு ஒரு டாக்டர்கிட்ட போனார், தெரியுமா? நீங்க ரெண்டாந்தடவ வந்துட்டுப் போனதுக்கப்புறம். காது மந்தமா இருக்கான்னு டாக்டர் கேட்டார். இல்லவே இல்ல, தினமும் பாட்டுக் கேக்கறேன், ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலக் கேக்குதுன்னு இவர் அடிச்சுச் சொன்னார். மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க."

காதுக்காரனுக்குக் குமிழைத் திருப்பிய விரல்களை வெட்டிப் போடலாம் போல இருந்தது. "எங்க கடையில, காதைப் பத்தி..." என்று ஆரம்பித்தான். அந்தச் சட்டத்தை இந்தக் கூடத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. நிறுத்திக்கொண்டான்.

அவள் இடுப்பில் செருகியிருந்த மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் அவன் ஒட்டிய சீட்டு. மூன்று தேதி, மூன்று வரி, அவனுடைய கையெழுத்து.

"இத ஆபரேஷன் செஞ்ச டாக்டர்கிட்ட காட்டினேன். ரெண்டு, நாலு, அஞ்சுன்னு தேதியோட இருக்கே, இந்தக் காது டெஸ்ட்ட எந்த ஆஸ்பத்திரியில எடுத்தீங்கன்னு கேட்டார். முதல் தேதியிலயே வந்திருந்தா முகமாவது தப்பிச்சிருக்கும்னார். ஸ்பீக்கர் கடையில எடுத்ததுன்னு நான் எப்படிச் சொல்வேன்?"

"அம்மா..."

"இவர்கிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். தன் காதப் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆள் நீங்கதான்னு ஆஸ்பத்திரியில வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருந்தார். அந்த நம்பிக்கையாவது அவருக்கு மிஞ்சட்டும்."

"என்ன தம்பி, ஆச்சா?" என்றார் நாற்காலியில் இருந்தவர். இருவரும் பேசிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

காதுக்காரன் குமிழை வலப்பக்கம் தள்ளினான். ஒவ்வொரு கோடாகக் கடைசிவரை தள்ளினான். இடது ஸ்பீக்கர் வாயடைத்துப் போனது. கண்ணாடிக்காரர் நல்ல கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்ல அசைத்தார்.

"ஆஹா, இப்பதான் சரியா இருக்கு."

காதுக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். அவள் வழிவிடவில்லை. சீட்டை அவன் கையில் வைத்தாள்.

"இன்னைக்குத் தேதியையும் எழுதிட்டுப் போங்க."

அவன் சுவரில் வைத்து எழுதினான். தேதியைப் போட்டான். இதுவரை மூன்று முறையும் 'இடது' என்று எழுதிய இடத்துக்குக் கீழே 'வலது 5' என்று எழுதினான். அவள் அதை வாங்கிப் படித்துப் பார்த்து, பழையபடி ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஒட்டினாள்.