பச்சை எழுத்தில் ஒரு வரி

திண்டிவனம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. விழுப்புரத்திலிருந்து அதிகாரி வரும் நாள் என்பதால் பெருக்க வேண்டியதையெல்லாம் பெருக்கியாகிவிட்டது. மிச்சமிருந்தது கணினிப் பக்கம். அதைச் சுத்தம் செய்ய அறிவியல் ஆசிரியர் கோதண்டபாணி உட்கார்ந்தார்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதிப் படிக்க அவர் செய்திருந்த ஏற்பாடு அது. டேப்லெட்டில் ஒருவர் தட்டினால் எல்லார் திரையிலும், சுவரிலிருந்த பெரிய திரையிலும் தெரியும். ஆளுக்கொரு நிறம். வகுப்பில் சத்தம் அவருக்கு ஆகாது. வாயைத் திறக்கக் கூடாது, எதுவானாலும் அதில் எழுது என்பது சட்டம்.

எழுதினார்கள். மண்ணின் அமிலத்தன்மைக்கு நடுவே 'பசிக்குது' என்றும், 'சார் சட்டையில இங்க்' என்றும். மானம் போகுமே என்று ஒவ்வொன்றாக அழித்தார். வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை மண்ணைப் பற்றிய பத்திக்கு அடியில், முந்தைய நாள் கடைசி பீரியடில் சங்கவி எழுதியது, பச்சையில்: 'சார், எனக்கு வர்ற வெள்ளிக்கெழமை...' பிறந்தநாளாக இருக்கும் என்று மீதியைப் படிக்காமலே அழித்தார். சங்கவி அன்று வரவில்லை. காய்ச்சல் என்று அதையும் அவரே முடிவு செய்துகொண்டார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. வாட்ஸ்அப்பில் வரும் இரங்கல் செய்திக்கே படிக்காமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற கூட்டம்தானே நாம்.

அதிகாரி கலைப்பிரியா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கூடிப் படித்தால் கோடி நன்மை என்று கோதண்டபாணி ஆரம்பித்தார். பெரிய திரையில் அந்த வரி நீலத்தில் மறுபடி வந்தது. அவர் அழிக்கும் முன்பே காலையில் அதைப் படித்துவிட்ட பிள்ளைகளில் யாரோ எழுதியிருந்தார்கள். அழித்தார். சிவப்பில் வந்தது. அழித்தார். ஊதாவில், ஆரஞ்சில், மழைக்குப் பிந்திய ஈசல் மாதிரி கிளம்பிக்கொண்டே இருந்தது. "வெளையாட்டா பண்ணிக்கினு இருக்கீங்க?" என்று திரும்பியவர் முகங்களைப் பார்த்தார். ஒன்றில்கூட விளையாட்டு இல்லை. முன் பெஞ்சிலிருந்த துர்காவின் விரல் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

கலைப்பிரியா முன்னால் வந்து திரையைச் சத்தமாகப் படித்தார்.

"சார், எனக்கு வர்ற வெள்ளிக்கெழமை கல்யாணம். வேணாம்னா அடிக்கிறாங்க. நாளையிலேர்ந்து ஸ்கூலுக்கு உட மாட்டாங்க. எப்படினா நிறுத்துங்க சார்."

ஏன் யாரும் சொல்லவில்லை என்று கோதண்டபாணி பிள்ளைகளிடம் கேட்டார்.

துர்கா எழுந்தாள். "நீங்கதான சார் பேசக் கூடாது, எழுதுங்கன்னீங்க. எழுதினோம். நீங்க அழிச்சிக்கினே இருந்தீங்க."

அந்த இடத்திலிருந்தே கலைப்பிரியா குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டார். குழந்தைகள் நலத்துறை ஆட்களும் போலீசும் பந்தக்கால் நட்டிருந்த வீட்டு வாசலில் சாயங்காலமே இறங்கினார்கள். என் பொண்ணு, என் இஷ்டம் என்று சங்கவியின் அப்பா குமரேசன் எகிறினார். பதினெட்டு வயதுக்கு முன் செய்தால் ஜெயில் என்றதும் அடங்கினார். கல்யாணம் நின்றது.

அடுத்த வாரம் சங்கவி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கக் கோதண்டபாணி வீட்டில் ஒத்திகை பார்த்து வந்திருந்தார். அவளைக் கண்டதும் எல்லாம் மறந்து, "ஒனக்கு எதுனா வேணுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எழுதறதுக்கு எடம் குடுத்தா மட்டும் பத்தாது சார். அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் முழுசா படிச்சிருங்க."