மாலையோடு ஓடியவரின் இடது கால்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் என் தையல் கடைக்கும் பக்கத்துத் தேநீர்க் கடைக்கும் நடுவில் இருப்பதைச் சுவர் என்று சொல்வது மரியாதைக்காக. அது ஒரு பலகை. நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. மெஷினை நிறுத்தினால் காதில் விழுகிறது, அவ்வளவுதான். (அவர்கள் கதைக்கத் தொடங்கும் நேரமும் நான் மெஷினை நிறுத்தும் நேரமும் ஒன்றாக அமைவது தற்செயல்.)

பலகைக்கு அந்தப் பக்கம் வருடக்கணக்காக ஒரே வழக்குத்தான் நடக்கிறது. 2012ஆம் ஆண்டு ஊர்க்கிண்ண இறுதியாட்டத்தில், இராஜதுரை அண்ணையின் இடது கால் கோட்டுக்கு உள்ளே இருந்ததா, வெளியே இருந்ததா?

2

எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

"பொபினி மைதானத்தின் மேல் கார்மேகங்கள் திரண்டு, ஏதோ ஒரு விபரீதத்தை..."

அன்று நல்ல வெயில். அடித்துவிட்டேன்.

இரண்டாவது:

"அவள் விசிலை உதட்டில் வைத்த கணத்தில், ஒரு மகளின் இதயம்..."

இதயத்தை நான் பார்க்கவில்லை. விசிலைத்தான் பார்த்தேன். இதையும் அடித்துவிட்டேன்.

சரி, எங்கள் கடையில் கதைப்பதுபோலவே சொல்கிறேன். ஊர்க்கிண்ணம் என்பது ஒவ்வொரு யூலையிலும் பொபினியில் நடக்கும் உதைபந்தாட்டப் போட்டி. நாங்கள் விட்டுவந்த ஊர் ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி. அந்த ஊரைக் கண்ணாலும் காணாத, இங்கே பிறந்த பெடியள்தான் அந்த ஊருக்காக முழங்கால் தேய விளையாடுவார்கள். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: கோல் அடித்தவனுக்கு மாலை போடுவது. அடித்தவனை அடுத்த வருடம் மறந்துவிடுவோம். முதலில் மாலை போட்டவரைப் படத்தில் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொழுவுவோம்.

2012 இறுதியாட்டம் வடலியூருக்கும் பனிச்சையடிக்கும். (ஊர்ப் பெயர்களை மாற்றிவிட்டேன். மாற்றாவிட்டால் பாதி லா சப்பல் என்னிடம் சட்டை தைக்க வராது.) வடலியூர் ஒருபோதும் கிண்ணம் எடுத்ததில்லை. கடைசி நிமிடம், சமநிலை. வடலியூர்ப் பெடியன் கிருஷிகன் அடித்த பந்து கோலியைத் தாண்டி, வெறும் வலையை நோக்கி உருண்டு போகிறது. வடலியூர் அணியின் பொறுப்பாளர் இராஜதுரை அண்ணை கையில் செவ்வந்தி மாலை. அவரால் பொறுக்க முடியவில்லை. ஓடினார்.

பந்து வலைக்குள். மாலை கழுத்தில். பறை முழங்கியது. பிறகு விசில் கேட்டது.

கோல் இல்லை. பந்து கோலுக்குள் போகும்போது அணியின் பொறுப்பாளர் மைதானத்துக்குள் நின்றால் அந்தக் கோல் செல்லாது. அதுதான் விதி. பெனால்டியில் பனிச்சையடி வென்றது.

விசில் ஊதிய நடுவர் அஜந்தா. இராஜதுரை அண்ணையின் ஒரே மகள்.

3

பலகைக்கு அந்தப் பக்கம், எந்த நாளும்:

"அண்ணை, நீர் ஓடினது சரி. ஆனால் மாலையோடை ஓடின முதல் கோலி நீர்தான். உள்ளை வந்த கோலையும் தடுத்துப்போட்டீர்!" இது வாமதேவன், பனிச்சையடி ஆள்.

"வாமதேவன், தேத்தண்ணியைக் குடி. என்ரை கால் வெளியை நிண்டது."

"எந்தக் கால்?"

"ரெண்டும்."

"அப்ப மாலை தானாய்ப் பறந்து போனதோ?"

"பந்து உள்ளை போன பிறகுதான் நான் கோட்டைத் தாண்டினனான்!"

அங்கே சிரில் என்று ஒரு பாண்டிச்சேரிக்காரர் இருப்பார். பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சண்டைக்கும் விதி வைத்திருப்பார். "மெசியே இராஜதுரை, ஆர்பித்ரு விசில் ஊதிட்டா ஊதினதுதான். மேல்முறையீடு கடவுள்கிட்டதான் போவும்."

கோட்டருகில் கொடி பிடித்தவர்தான் சாட்சி சொல்லவேண்டும் என்பீர்கள். அவர் அந்த நேரம் சோடா வாங்கப் போயிருந்தார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சிரில் கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் ஓர் ஐரிஷ் மதுக்கடைக்கும் போகிறவர். அங்கே கேலிக் கால்பந்து என்று ஒன்று காட்டுவார்களாம். கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். அவர்களும் ஊர் ஊராகப் பிரிந்துதான் ஆடுவார்களாம். ஏதோ ஓர் இறுதியாட்டத்தில் ஒருவன் பந்தைக் கையோடு கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனதை நடுவர் கோல் என்று சொல்ல, தோற்ற ஊர் இன்னும் ஆறவில்லையாம். "நம்ம ஆளுங்கதான், கொஞ்சம் வெள்ளையா இருக்காங்க" என்றார் சிரில். எனக்கு ஆறுதலாக இருந்தது.)

4

அஜந்தாதான் எனக்குச் சிக்கல். முதல் பிரதியில் அவளை அழவைத்தேன். நம்பமுடியவில்லை. இரண்டாவதில் கோபக்காரியாக்கினேன். அதுவும் சரிவரவில்லை. லெ பிளாங்-மெனிலில் அப்பாவும் மகளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். கோபமில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "றெஃபரி, குழம்பு காணுமோ?" "றெஃபரி, கதவைப் பூட்டிப்போட்டுப் போ." அவளும் "ஓம் அப்பா" என்பாளாம். இது அவளுடைய அம்மா இந்திராதேவி சொன்னது.

ஆகவே பாத்திரத்தை விட்டு ஆளையே பிடித்தேன். நடுவர் காற்சட்டைக்கு அட்டை வைக்கப் பொக்கற் தைக்க வந்திருந்தாள்.

"பிள்ளை, நீ பந்தைப் பாத்துக்கொண்டு நிண்டிருப்பாய். பிறகு அப்பான்ரை கால் எப்பிடித் தெரிஞ்சது?"

"நான் பந்தைப் பாக்கேல்லை அக்கா."

"பின்னை?"

"பந்து உள்ளைதான் போகும். அது எல்லாருக்கும் தெரியும். அப்பா ஓடுவார் எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும். அதாலை அவரைத்தான் பாத்தன்."

நூல் அறுந்துபோனது. மெஷினில்தான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்திராதேவியிடம் மட்டும். அவள் ஒருவரிடம் மட்டும் சொல்லியிருப்பாள்.

5

2019. வடலியூர் மறுபடி இறுதியாட்டத்தில். எதிரணி மறுபடி பனிச்சையடி. (நான் இட்டுக்கட்டவில்லை. கட்டியிருந்தால் வேறு ஊரைப் போட்டிருப்பேன்.) ஏற்பாட்டுக்குழு நடுவராக அஜந்தாவைப் போட்டது.

தேநீர்க் கடையில் கூட்டம். வடலியூர்க்காரர் ஒரே குரலில்: "வேறை ஆளைப் போடுங்கோ. உந்தப் பிள்ளை எங்களுக்கு ராசியில்லை."

"அப்பிடியெண்டால் 2012 கோல் கோல்தான் எண்டு அவள் இப்ப சொல்லட்டும். பிறகு ஊதட்டும்," என்றது இன்னொரு குரல்.

அஜந்தா வாசலில் நின்றிருக்கிறாள். "ஊதினது ஊதினதுதான். மாத்தமாட்டன். வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, போறன்."

நான் இந்த இடத்தில் மெஷினை நிறுத்தியது மட்டுமல்ல, விளக்கையும் அணைத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

கதிரை ஒன்று தரையில் உரசி, யாரோ எழும்பும் சத்தம். இராஜதுரை அண்ணை.

"அவள்தான் ஊதவேணும்."

"அண்ணை, உமக்கென்ன விசரோ?"

"வேறை ஆள் ஊதி நாங்கள் வெண்டால், 'மகள் இல்லாதபடியால் வெண்டவங்கள்' எண்டு வாமதேவன் சாகுமட்டும் சொல்லுவான். எனக்கு அந்தக் கிண்ணம் வேண்டாம். அவளின்ரை விசிலிலை வேணும்."

"நான் செத்த பிறகும் சொல்லுவன்," என்றார் வாமதேவன்.

"ஆனால் ஒண்டு," இராஜதுரை அண்ணையின் குரல் இறங்கியது. பலகையில் காதை வைக்கவேண்டியதாயிற்று. "இந்தமுறை அவள் பந்தைப் பாக்கவேணும். என்னைப் பாக்கக்கூடாது."

வாசலில் இருந்து அவளுடைய குரல் வந்தது:

"அப்ப நீங்கள் கோட்டுக்கு வெளியை நிப்பியளோ?"

"நிப்பன்."

"மாலை கொண்டு வாறியளோ?"

"கொண்டுதான் வருவன், அஜந்தா."

அவர் பெயர் சொன்னதை அங்கே இருந்த ஆண்களில் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் சிற்றுண்டிக்கு யார் பொறுப்பு என்று சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

6

முடிவுக்கு மூன்று பிரதி எழுதினேன்.

முதலாவதில் அவர் மறுபடி ஓடுகிறார், கோல் மறுபடி செல்லாது. தேநீர்க் கடைக்கு இன்னொரு பத்து வருட வியாபாரம். இரண்டாவதில் அவர் மாலையை மகளின் கழுத்தில் போடுகிறார், எல்லோரும் கண் கலங்குகிறார்கள். கிழித்தேன். அஜந்தா கண்டால் எனக்குச் சிவப்பு அட்டை காட்டுவாள். மூன்றாவதில் வடலியூர்...

நான் அன்று மைதானத்தில் இருந்தேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். எப்போதும் நான்தான் சொல்கிறேன், நீங்கள் "அப்படியோ" என்கிறீர்கள். ஒருமுறை நீங்களும் சாட்சியாக நின்று வாமதேவனிடம் பேச்சு வாங்கிப் பாருங்கள்.

வாருங்கள், என் பக்கத்தில் நில்லுங்கள். கடைசி நிமிடம், சமநிலை. வடலியூர்ப் பெடியன் அடித்த பந்து கோலியைத் தாண்டிவிட்டது. உருண்டு போகிறது. புல் கொஞ்சம் நீளம், பந்து மெதுவாகப் போகிறது. இராஜதுரை அண்ணை சொன்னபடி கோட்டுக்கு வெளியே நிற்கிறார். கையில் செவ்வந்தி மாலை. அவருடைய இடது கால் நிலத்திலிருந்து எழும்புகிறது.

கொடி பிடிக்கிறவர் கொடியை என் கையில் தந்துவிட்டு மறுபடியும் சோடா வாங்கப் போய்விட்டார்.

அஜந்தா வாக்குக் காப்பாற்றுகிறவள். அவள் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தாருங்கள், கொடி. காலைப் பாருங்கள்.